புகழ் மண்டபத்தில் யாருக்கு இடம்?

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு 'விளையாட்டும் வாழ்க்கையும்'. இந்த மேடையில் போன வருஷம் ஒருத்தர், அதற்கு முந்தின வருஷம் ஒருத்தர், இதே தலைப்பில் பேசியாச்சு. அவர் அனுமதியோடு தலைப்பைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். இன்று மாலை நம்முடைய பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் வரப்போகிறது. புதுப் பெவிலியன் கட்டடத்தின் உள்சுவரில் 'விளையாட்டுப் புகழ் மண்டபம்' அமைப்பது, அதில் நம் கல்லூரியின் சிறந்த ஆட்டக்காரர்கள் பெயரைப் பித்தளைத் தகட்டில் பொறிப்பது என்பது தீர்மானம். துணைக்குழு ரொம்ப உழைத்து ஒரு பட்டியல் தயார் பண்ணியிருக்கிறது. அதில் 83 பெயர்கள் இருக்கின்றன.

பட்டியலைக் கையில் வாங்கியதும் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். என் பெயர் இருக்கா என்று பார்த்தேன். இருந்தது, 41ஆவது பெயர். 'ஹாக்கி அணித் தலைவர், 1981–82' என்று போட்டிருந்தது. உண்மைதான். அந்த வருஷம் நாங்கள் முதல் ஆட்டத்திலேயே ஆறுக்குப் பூஜ்யம் என்று தோற்று, அன்று மாலை ரயிலிலேயே திரும்பி வந்தோம் என்பதைத்தான் போடவில்லை. அந்த ஆறில் நாலு கோல் என் பக்கமாகத்தான் போனது. நான் ரைட் பேக்.

என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் எழுந்தேன். தன்னடக்கம் என்று தயவுசெய்து நினைக்க வேண்டாம். என் பெயர் அந்தச் சுவரில் இருந்தால், பக்கத்தில் இருக்கிற நல்ல ஆட்டக்காரர் பெயருக்கு மதிப்புக் குறையும். அதோடு, இன்னொரு பெயர் அந்தச் சுவரில் வராமலே போய்விடும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இந்த மாதிரி மண்டபங்களுக்கெல்லாம் மூத்தண்ணன் என்று சொல்லக்கூடிய ஒன்றை நான் நேரில் பார்த்திருக்கிறேன். 2023ஆம் வருஷம் கோடைக்காலத்தில் அமெரிக்காவில் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது, நியூயார்க் மாநிலத்தில் கூப்பர்ஸ்டவுன் என்ற சின்ன ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனான். ஏரிக்கரையில் ஒரு கடைத்தெரு, அதன் நடுவில் பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேம். எனக்குப் பேஸ்பால் தெரியாது. உள்ளே போய் அந்த வெண்கலத் தகடுகள் வரிசையாக இருக்கிற நீளமான கூடத்தில் நின்றபோது, ஆட்டம் தெரியாத எனக்கே குரலைத் தாழ்த்திப் பேச வேண்டும் போல் இருந்தது. கோயில் பிராகாரத்தில் நிற்கிற மாதிரி. எல்லாத் தகடும் ஒரே அளவு. உலகப்புகழ் பெற்ற பேப் ரூத்துக்கும் அதே அளவு, நான் பெயரே கேள்விப்படாத ஒருவருக்கும் அதே அளவு. நம் ஊரில் நன்கொடை கொடுத்தவர் பெயர் பெரிசாகவும் கோப்பை ஜெயித்தவர் பெயர் பொடியாகவும் இருக்கிற பலகைகள் ஞாபகத்துக்கு வந்தன.

அங்கே ஆள் எடுத்த கதையைக் கேளுங்கள். 1936இல் முதல் தேர்தல். பத்திரிகை நிருபர்கள் 226 பேர் ஓட்டுப் போட்டார்கள். முக்கால்வாசி ஓட்டு, அதாவது நூற்றுக்கு 75 வாங்கினால்தான் உள்ளே. அத்தனை வருஷ ஆட்டத்தில் தேறியவர்கள் ஐந்தே பேர்: டை காப், பேப் ரூத், ஹோனஸ் வாக்னர், கிறிஸ்டி மேத்யூசன், வால்ட்டர் ஜான்சன். முதலில் வந்த காப்புக்கே 222 ஓட்டுதான். நாலு பேர் போடவில்லை. 511 ஆட்டங்களை ஜெயித்துக் கொடுத்த பந்து வீச்சாளர் சை யங்குக்கு அந்த வருஷம் இடமில்லை. அடுத்த வருஷம்தான் கிடைத்தது. ஓட்டுப் போட்ட அத்தனை நிருபர்களும் ஒருவருக்கே ஓட்டளித்த அதிசயம் 2019இல்தான் முதன்முதலாக நடந்தது. மரியானோ ரிவேரா என்ற பந்து வீச்சாளருக்கு 425க்கு 425. அதுக்கு 83 வருஷம் ஆச்சு.

இன்றைக்கும் அங்கே விதி கண்டிப்பானது. பெரிய லீக்கில் பத்து சீசன் ஆடியிருக்க வேண்டும். ஓய்வு பெற்று ஐந்து வருஷம் போக வேண்டும். சூடு ஆறின பிறகுதான் ஓட்டு. ஒரு நிருபர் பத்துப் பேருக்கு மேல் எழுத முடியாது. நூற்றுக்கு ஐந்து ஓட்டுக்கூட வராத பெயர் பட்டியலிலிருந்தே விழுந்துவிடும். ஒரு வருஷம் யாருக்கும் 75 வராவிட்டால், நிருபர்கள் தரப்பில் அந்த வருஷம் யாருமில்லை, அவ்வளவுதான். 1996இல் அப்படி நடந்தது, 2013இல் நடந்தது, 2021இல் நடந்தது.

'இவ்வளவு கஞ்சத்தனம் எதற்கு? நாமெல்லாம் ஒரு குடும்பம், எல்லார் பெயரையும் போட்டால் எல்லாருக்கும் சந்தோஷம்தானே?' என்று நேற்று ராத்திரி சாப்பாட்டுப் பந்தியில் ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. 83 பேரில் 80 பேர் மனம் குளிரும் என்பதும் உண்மைதான். ஆனால் இந்தச் சுவரை யார் பார்க்கப் போகிறார்கள் என்று யோசிச்சுப் பாருங்க. நாம் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை வந்து நம் பெயருக்குக் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவோம். தினமும் பார்க்கப் போகிறது இந்தப் பிள்ளைகள். காலையில் ஓடிவிட்டு வியர்வையோடு வந்து பார்க்கிற ஒரு பையன், 'இவர் என்ன செய்தார்?' என்று கேட்டால், 'அவர் ஒரு வருஷம் கேப்டனாக இருந்தார்' என்று பதில் சொன்னால், அவன் அடுத்த பெயரைப் படிக்க மாட்டான். அந்த அடுத்த பெயர் நிஜமாகவே பெரிய ஆட்டக்காரருடையதாக இருக்கலாம்.

வாசலைத் திறந்து விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் கூப்பர்ஸ்டவுனிலேயே உதாரணம் இருக்கிறது. நிருபர்கள் ஓட்டில் தவறியவர்களைப் பரிசீலிக்க 'வெட்டரன்ஸ் கமிட்டி' என்று மூத்தோர் குழு ஒன்று வைத்திருந்தார்கள். 1970களின் தொடக்கத்தில் அதில் ஃபிராங்கி ஃபிரிஷ் என்ற பழைய ஆட்டக்காரருக்குச் செல்வாக்கு. அவரோடு அணியில் ஆடிய நண்பர்கள் ஒருவர் பின் ஒருவராக உள்ளே வந்தார்கள். கெட்ட ஆட்டக்காரர்கள் இல்லை, நல்லவர்கள்தான். ஆனால் வரலாற்று ஆசிரியர்கள் இன்றும் அந்தப் பெயர்களைக் காட்டி 'இது நட்புக்காகக் கிடைத்த இடம்' என்று எழுதுகிறார்கள். பாவம், அந்த ஆட்டக்காரர்கள். வெளியே இருந்திருந்தால் நல்ல ஆட்டக்காரர் என்று பெயர் நிலைத்திருக்கும். உள்ளே வந்ததால் காலம் பூராவும் கேள்விக்குறி. தகுதி இல்லாமல் கொடுக்கிற கௌரவம், வாங்குகிறவருக்கே கெடுதல் செய்கிறது.

கண்டிப்பும் எல்லை மீறினால் அசட்டுத்தனம் ஆகிவிடும். 2013இல் ஓட்டுச்சீட்டில் 37 பெயர். அதில் கிரெய்க் பிஜியோ என்ற ஆட்டக்காரர் 3060 ஹிட் அடித்தவர். சாதாரணமாக 3000 அடித்தாலே இடம் நிச்சயம் என்பார்கள். அவருக்கும் 68 சதவீதம்தான் வந்தது. அந்த வருஷ விழாவில் கௌரவிக்கப்பட்ட மூன்று பேரும் எப்போதோ காலமானவர்கள். தகட்டைப் பார்த்துச் சந்தோஷப்பட உயிரோடு ஒருவர்கூட இல்லை. பிஜியோவுக்கு 2015இல்தான் கதவு திறந்தது. ஆக, குறுகலான வாசல் வேண்டும். பூட்டின வாசல் வேண்டாம்.

ஆனால் அந்த மண்டபம் செய்த பெரிய தவறு இது ஒன்றுமே இல்லை. அதை ஒரு சிலை எனக்குச் சொன்னது.

தரைத்தளத்தில் ஒரு பெரியவர் சிலை நிற்கிறது. பெயர் பக் ஓ'நீல். கறுப்பினத்தவர். அமெரிக்காவில் 1947 வரை பெரிய லீக்கில் கறுப்பின ஆட்டக்காரர்களைச் சேர்க்க மாட்டார்கள். அந்த வருஷம் ஜாக்கி ராபின்சன்தான் வழி திறந்தார். அதுவரைக்கும் கறுப்பின மக்கள் தங்களுக்கென்று தனி லீக்குகள் நடத்தி, அதில் அற்புதமாக ஆடினார்கள். ஆனால் புகழ் மண்டபத்து விதியோ 'பெரிய லீக்கில் பத்து சீசன் ஆடியிருக்க வேண்டும்' என்கிறது. உள்ளே விடவே மாட்டேன் என்று சொல்லிவிட்டு, உள்ளே பத்து வருஷம் இருந்தாயா என்று கேட்டால் எப்படி? ஜாஷ் கிப்சன் என்ற பெரிய மட்டையாளர் 1947 ஜனவரியில் காலமானார். ராபின்சன் களம் இறங்கியது அதே வருஷம் ஏப்ரலில். மூன்று மாசம்.

1966இல் டெட் வில்லியம்ஸ் என்ற வெள்ளைக்கார ஆட்டக்காரர், தனக்குக் கௌரவம் கிடைத்த விழாவிலேயே, 'கிப்சன் மாதிரி ஆட்டக்காரர்களுக்கும் இங்கே இடம் வேண்டும்' என்று பேசினார். 1971இல் சாட்செல் பேஜ், 1972இல் கிப்சன் என்று வர ஆரம்பித்தார்கள். முதலில் அவர்களுக்குத் தனியாக ஒரு பகுதி ஒதுக்கலாம் என்றுகூட யோசனை இருந்தது. எதிர்ப்பு வந்த பிறகுதான் சம மரியாதை. பிற்பாடு ஆராய்ச்சியாளர்களை வைத்துப் பழைய பத்திரிகைகளைப் புரட்டி, ஆட்டம் ஆட்டமாகக் கணக்கெடுத்தார்கள். 2006இல் 12 பேர் குழு 39 பெயர்களைப் பரிசீலித்து 17 பேரைத் தேர்ந்தெடுத்தது. அதில் எஃபா மேன்லி என்ற அணி உரிமையாளரும் ஒருவர். அந்த மண்டபத்தில் இடம் பிடித்த முதல் பெண்.

அந்த 39இல் ஓ'நீல் பெயரும் இருந்தது. அவருக்கு அப்போது 94 வயது. ஆட்டக்காரராக, அணி மேலாளராக இருந்து, பிறகு அந்த மறந்துபோன ஆட்டக்காரர்களின் கதையை ஊர் ஊராகச் சொல்லி உயிரோடு வைத்திருந்தவர் அவர். தேர்வாகவில்லை. ஆனாலும் அந்த விழாவுக்கு வந்தார். காலமாகிவிட்ட அந்த 17 பேர் சார்பாகவும் மேடையேறிப் பேசினார், கூட்டத்தைச் சேர்ந்து பாட வைத்தார். இரண்டு மாசம் கழித்து, அக்டோபரில் காலமானார். 2021 டிசம்பரில் தேர்ந்தெடுத்து 2022இல் அவருக்குத் தகடு வைத்தார்கள். நான் போனபோது தகடும் இருந்தது, சிலையும் இருந்தது, அவர்தான் இல்லை.

தேடினால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஒரு கணக்கு. கறுப்பின லீக்குகளையும் பெரிய லீக்குகள் என்று 2020இல் ஏற்றுக்கொண்டு, 2024இல் அந்தப் புள்ளிவிவரங்களையும் சேர்த்தார்கள். மட்டை பிடித்த ஆயிரம் தடவைக்கு எத்தனை ஹிட் என்ற வாழ்நாள் சராசரியில் அதுவரை முதலிடம் 1936 தேர்தலில் முதலில் வந்த அதே டை காப்புக்கு, 367. சேர்த்த பிறகு முதலிடம் ஜாஷ் கிப்சனுக்கு, 372. தகுதியின் அளவுகோலை யாரும் தளர்த்தவில்லை. அதே அளவுகோலைக் கதவுக்கு வெளியே கொண்டுபோய் அளந்தார்கள், அவ்வளவுதான்.

கிரிக்கெட்டிலும் இது உண்டு. ஐ.சி.சி. 2009இல் தன் புகழ் மண்டபத்தை 55 பெயர்களோடு தொடங்கியபோது நம் நாட்டிலிருந்து கவாஸ்கர், கபில்தேவ், பேடி மூவர் இருந்தார்கள். வினு மன்கட் இல்லை. 2021இல் கிரிக்கெட்டின் வரலாற்றை ஐந்து காலகட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் இரண்டு பேர் என்று தேடிப் பார்த்தார்கள். 1978இலேயே காலமான மன்கட் அப்போதுதான் வந்தார். டயானா எடுல்ஜி, அந்த மண்டபத்தில் முதல் இந்தியப் பெண், 2023இல் வந்தார்.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். அமெரிக்காவில் நிறத்தின் பேரால் நடந்த கொடுமையும் நம் மைதானத்தில் நடந்ததும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் நமக்கும் கதவுகள் இருந்தன. நம் காலத்தில் 'கலர்ஸ்' பிளேசர் கிரிக்கெட்டுக்கும் ஹாக்கிக்கும் டென்னிஸுக்கும்தான். கபடி 'ஊர் ஆட்டம்'. அதற்குப் பிளேசர் கிடையாது, குரூப் போட்டோ கிடையாது. 1990இல் ஆசிய விளையாட்டில் கபடியைச் சேர்த்து இந்தியா தங்கம் வாங்கின பிறகுதான் நம் கல்லூரியிலும் அதற்கு மரியாதை வந்தது. துணைக்குழுப் பட்டியலைப் பாருங்கள்: 1990க்கு முந்தின கபடிக்காரர் ஒருவர்கூட இல்லை. குழுவைக் குறை சொல்லவில்லை. அவர்கள் ஆபீஸ் அலமாரியில் இருந்த போட்டோக்களையும் பதிவேடுகளையும் வைத்து எழுதினார்கள். அலமாரியில் இல்லாதவர்கள் பட்டியலில் எப்படி வருவார்கள்? நாலரை மணி பஸ்ஸை விட்டால் ஊர் போய்ச் சேர முடியாது என்பதால் பயிற்சிக்கு நிற்க முடியாத டே ஸ்காலர்கள் எத்தனை பேர்!

ஆகவே நான் மாலைக் கூட்டத்தில் வைக்கப் போகும் யோசனைகள் இவை.

முதலாவது, பெயர்களைப் பேசுவதற்கு முன் அளவுகோலை எழுதுவோம். எந்த மட்டப் போட்டி, என்ன சாதனை என்று எழுதி, அதை அதே சுவரில் ஓரமாகப் போட்டுவிடுவோம்.

இரண்டாவது, வருஷத்துக்கு மூன்று பேருக்கு மேல் வேண்டாம். முக்கால்வாசி ஓட்டு வேண்டும். ஒரு வருஷம் யாருமில்லை என்றால் யாருமில்லை. கல்லூரியை விட்டுப் பத்து வருஷம் ஆகாதவர்களுக்கு ஓட்டு வேண்டாம். தன் செட்காரருக்கு, தன்னோடு ஆடியவருக்கு, உறுப்பினர் ஓட்டளிக்கக் கூடாது.

மூன்றாவது, ஆடியவர்களையும் ஆட்டத்தை வளர்த்தவர்களையும் ஒரே தராசில் நிறுக்க வேண்டாம். அமெரிக்காவில் நியூபோர்ட்டில் இருக்கிற டென்னிஸ் மண்டபத்தில் 2024இல் லியாண்டர் பயஸுக்கு ஆட்டக்காரர் பிரிவிலும், நம் சென்னை விஜய் அமிர்தராஜுக்குப் பங்களிப்பாளர் பிரிவிலும் இடம் கொடுத்தார்கள். ஆசிய ஆண்களில் அவர்கள்தான் முதல்வர்கள். அதே போல நம் பி.டி. சார்களுக்கும் மார்க்கர் அண்ணன்களுக்கும் ஒரு பிரிவு இருக்கட்டும். நன்கொடையாளர்களுக்கு வாசலில் தனிக் கல்வெட்டு. அதற்கு நானே முதல் தொகை எழுதுகிறேன்.

நான்காவது, எல்லாருக்கும் ஒரு புத்தகம். நம் கல்லூரிக்காக ஒரே ஒரு ஆட்டம் ஆடியவர் பெயர்கூட விடாமல் ஒரு பதிவேடு அச்சடித்து நூலகத்தில் வைப்போம். என் பெயர் அதில் இருக்கட்டும். ஆறு பூஜ்யத்தையும் சேர்த்தே போடுங்கள். ஆடினோம் என்பதற்குப் புத்தகம், அபூர்வமாக ஆடினவர்களுக்குச் சுவர்.

ஐந்தாவதுதான் முக்கியம். முதல் தகட்டைப் பதிப்பதற்கு முன் ஒரு வருஷம் தேடுவோம். அலமாரிக்கு வெளியே போய்த் தேடுவோம்.

ஆரம்பத்தில் ஒரு பெயர் என்று சொன்னேன் அல்லவா? நாங்கள் படிக்கும்போது தாவரவியலில் ஒரு மாணவி. மாலையில் மைதானம் ஆண்கள் அணிகளுக்கு என்பதால், விடிவதற்கு முன் ஐந்து மணிக்கு வந்து தனியாக ஓடுவார். நாங்கள் ஹாக்கிப் பயிற்சிக்கு வரும்போது அவர் முடித்துவிட்டு, சேலைக்கு மாறிச் சைக்கிளில் கிளம்பிக்கொண்டிருப்பார். மகளிர் அணி என்று ஒன்று அப்போது இல்லாததால் அவரைக் கல்லூரி எந்தப் போட்டிக்கும் அனுப்பவில்லை. நாங்கள் யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கேப்டனாக இருந்த நானும் பேசவில்லை.

அவர் ஓட்டத்தை ஸ்டாப் வாட்ச்சில் எடுத்தது மார்க்கர் அண்ணன் மட்டும்தான். போன மாசம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். 'அந்தப் புள்ள ஓடினா நம்ம பசங்க டைம்முக்குப் பக்கத்துல வந்துரும் தம்பி, எல்லாம் நோட்டுல எழுதியிருக்கேன்' என்றார். டிரங்குப் பெட்டியில் நாலு நோட்டு வைத்திருந்தாராம். இரண்டைக் கரையான் தின்றுவிட்டது. மிச்சம் இரண்டும் இதோ இந்தப் பையில் இருக்கின்றன. பென்சில் எழுத்து மங்கிவிட்டது. நானும் அவரும் பாதிதான் படித்து முடித்தோம்.

அவர் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. ஓட்டுக்கு முன்னால் மேடையில் பெயர் சொல்லி ஆதரவு திரட்டக் கூடாது என்பதும் நான் கேட்கிற விதிதான். அவர் தகுதி உள்ளவரா என்பதும் எனக்குத் தெரியாது. அளவுகோலைத் தொடவில்லை என்றால் சுவரில் இடம் வேண்டாம், புத்தகத்தில் போதும். ஆனால் பார்க்காமலே விட்டுவிடக் கூடாது.

1980–83 தாவரவியல் செட்டில் யாராவது இங்கே இருந்தால், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் என்னை வந்து பாருங்கள். எனக்கு அவருடைய முகவரி வேண்டும். சங்கம் பழைய விலாசத்துக்கு அனுப்பிய அழைப்பிதழ் திரும்பி வந்துவிட்டது.